ஐந்து கிராம் ரொட்டியும் ஒரு கண்ணாடி வயிறும்

தின்ற ரொட்டி வயிற்றில் எப்படிக் கரைகிறது என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் ஒருவர் மூக்கில் குழாய் விட முடியாது. ஆய்வகத்தில் 37 டிகிரி செல்சியஸில் வைத்த குடுவைதான் வயிறு. முன்பு ஒவ்வோர் ஆய்வகமும் தன் கைக்கு வந்த அளவில் அமிலமும் நொதியும் ஊற்றியது. ஒருவர் முடிவோடு இன்னொருவர் முடிவை ஒப்பிட வழியில்லை. ஐரோப்பாவில் தொடங்கிய இன்ஃபோஜெஸ்ட் ஆய்வாளர் குழு 2014-இல் ஒரு பொது முறையை வகுத்து, 2019-இல் அதைத் திருத்தியது.

கட்டத்துக்குக் கட்டம் அளவு இரட்டிக்கும். 5 கிராம் ரொட்டியை அரைத்து, செயற்கை உமிழ்நீரும் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியும் சேர்த்து 10 மி.லி. ஆக்கி, பி.எச். 7-இல் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2 நிமிடம் வைக்க வேண்டும். கூழ் தக்காளி பேஸ்டைவிடக் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடலாம். அடுத்து இரைப்பை நீர் சேர்த்து 20 மி.லி.; பி.எச். 3, மி.லி.க்கு 2,000 அலகு (நொதியின் செயல்திறன் அளவு) பெப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி, 2 மணி நேரம். பிறகு சிறுகுடல் நீர் சேர்த்து 40 மி.லி.; பி.எச். 7, பித்த உப்பு 10 மில்லிமோலார் (செறிவின் அலகு), அதிலுள்ள டிரிப்சின் நொதியின் கணக்கில் மி.லி.க்கு 100 அலகு வருமாறு பான்கிரியாட்டின் என்ற கணைய நொதிக் கலவை. இதற்கும் 2 மணி நேரம்.

சறுக்குவது பெரும்பாலும் பெப்சினில்தான். டப்பாவில் அச்சிட்ட அலகை நம்பி எடை போட்டால் கணக்கு கெட்டது. அந்தப் பெப்சின் ரத்தப் புரதமான ஹீமோகுளோபினை எவ்வளவு வெட்டுகிறது என்று நாமே அளந்த பிறகே தராசைத் தொட வேண்டும். கால்சியம் கடைசியில்தான் போக வேண்டும், முன்பே கலந்து வைத்தால் வண்டலாகப் படியும். குடல் நீரில் பைகார்பனேட் இருப்பதால், குடுவையைத் திறந்தே வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். மேலே ஏறிவிடும். நேரம் முடிந்ததும் நொதி தானாக நிற்காது. தடுப்பானோ திரவ நைட்ரஜனோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உணவில்லாத குடுவை ஒன்றும் கூடவே ஓட வேண்டும். நொதியும் புரதம்தானே, அதைக் கழிக்காவிட்டால் ரொட்டியின் கணக்கில் ஏறிவிடும்.

இந்த முறையின் பெரிய பொய், மாறாத பி.எச். 3. உண்மையில் சாப்பிட்டவுடன் உணவு அமிலத்தைத் தணித்துவிடும், பி.எச். 5-க்கு மேலே போய், மெல்ல மெல்லத்தான் இறங்கும். நெதர்லாந்தின் டி.என்.ஓ. நிறுவனம் உருவாக்கிய டிம்-1 கருவி இதைக் கணினி வழியே பின்பற்றுகிறது. வளையும் உறைகளைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் அழுத்திப் பிசைய, செரித்த சிறு மூலக்கூறுகளைச் சவ்வுக் குழல்கள் வெளியே இழுக்கும். விலையும் உழைப்பும் அதிகம். பல மாதிரிகளை வரிசையாக ஒப்பிடக் குடுவையே போதும்.

மாத்திரை கரைவதைச் சோதிக்க வேறு பாத்திரம்: பெரும்பாலும் 900 மி.லி. திரவம், நிமிடத்துக்கு 50 அல்லது 75 சுற்று சுழலும் துடுப்பு. துடுப்பின் நேர் அடியில் நீர் அசையாத ஓர் இடம் உண்டு. உடைந்த தூள் அங்கே கூம்பாகக் குவிந்தால், நல்ல மாத்திரையும் கரையாததுபோலக் காட்டும். கொழுப்பில் கரையும் மருந்துக்கு வெறும் அமிலத்தில் சோதித்துப் பயனில்லை. அதற்கு வெறும் வயிற்றுக் குடல்நீர் என்றால் பித்த உப்பு 3 மில்லிமோலார், சாப்பிட்ட பின் என்றால் 15 மில்லிமோலார், கூடவே லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும். அத்தகைய மாத்திரை இரண்டாவது திரவத்தில் கூடுதலாகக் கரைந்தால், ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சீட்டில் எழுதுவதற்கான முதல் தடயம் அது.