பட்டையகலம்: விற்பது அகலத்தையா, விலாசத்தையா?

தருமபுரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு பதினொன்றரை மணி, எல்லோரும் படுத்தாயிற்று. கூடத்துச் சுவரில் இருந்த ரூட்டரின் பச்சை விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் அக்கா மகனிடம் காலையில் கேட்டேன். "பயன்படுத்தாத பேண்ட்வித்தைப் பகிர்கிறேன் மாமா. தூங்கும்போதும் பணம் சேரும்" என்றான்.

பேண்ட்வித் என்பது வானொலிப் பொறியாளர்களிடமிருந்து வந்த சொல். அதில் உள்ள 'பேண்ட்' நம்முடைய பட்டைதான். சேலைக் கரையில் ஓடுவதும் பட்டை, நெற்றியில் திருநீறு இடுவதும் பட்டை. அதிர்வெண்களின் நீண்ட வரிசையில் ஒரு பட்டையை வெட்டியெடுத்தால், அதன் இரு கரைகளுக்கு இடைப்பட்ட அளவே பட்டையகலம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான குரலைக் கடத்தியது. ஆக அதன் பட்டையகலம் 3100 ஹெர்ட்ஸ். பட்டை அகன்றால் நொடிக்குக் கடத்தக்கூடிய தகவலும் பெருகும் என்பதை 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணக்காக நிறுவினார். அந்த உறவினால்தான் கணினித் துறையில் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

2ஜி வழக்கு நாள்களில் செய்தித்தாள்கள் பரப்பிய 'அலைக்கற்றை' ஸ்பெக்ட்ரத்தைக் குறிப்பது. 'அலைவரிசை' சேனலுக்கு உரியது. இவ்விரண்டையும் பேண்ட்வித்துக்கு எழுதுவது குழப்பமே. ஹெர்ட்ஸில் சொன்னால் பட்டையகலம், மெகாபிட்டில் சொன்னால் கடத்துதிறன் என்று பிரித்தெழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அக்கா மகன் சொன்னதில் என்னை உறுத்தியது 'பயன்படுத்தாத' என்ற சொல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமானது. இணைய இணைப்பையும் அப்படி ஒரு குழாயாக நினையுங்கள். குழாயின் விட்டமே அதன் அகலம். இரவில் யாரும் திறக்காவிட்டால் அந்த அகலம் எங்கும் சேர்ந்து கிடப்பதில்லை. மிச்சம் பிடித்து விற்க அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கடத்துதிறன் வேண்டுமென்றால் பெரிய தரவு மையங்களில் மலிவாகவே கிடைக்கும். அப்படியிருக்க, நம் வீட்டுக் கூடத்தைத் தேடி ஏன் வருகிறார்கள்?

வீட்டு ஐபி முகவரிக்காக, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்காக. பகிரும் செயலியை நிறுவினால், யாரோ ஒருவரின் கோரிக்கை நம் வீட்டு இணைப்பு வழியாகப் போகும். தரவு மையத்திலிருந்து வரும் கோரிக்கையை இணையத்தளங்கள் பலவும் சந்தேகப்பட்டுத் தடுக்கும். வீட்டிலிருந்து வந்தால் வாடிக்கையாளர் என்று நம்பும். அந்த நம்பிக்கைதான் சரக்கு. பாக்கெட்ஸ்ட்ரீம் என்ற சேவை, ஜிபி ஒன்றுக்கு வீட்டுக்காரருக்கு 10 செண்ட் கொடுத்து, வாங்குவோரிடம் 1 டாலர் வசூலித்தது. விலை ஒப்பிடுவோர், விளம்பரம் சரிபார்ப்போர் என நேர்மையான வாடிக்கையாளர்களும் இதற்கு உண்டு. திருடிய கடன் அட்டையில் பொருள் வாங்குபவனுக்கும் இதே வாசல்தான் வசதி. இணையத்தில் இப்படி ஒருவருக்காக நடுவில் நிற்கும் கணினியைப் 'பதிலி' என்பார்கள். ஆகவே 'பேண்ட்வித் ஷேரிங்' என்பதைத் தமிழில் 'முகவரி இரவல்' என்றே எழுதுவேன்.

இரவல் வாங்கியவன் செய்வது உங்கள் கணக்கில் எழுதப்படும். காவல்துறை ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு இணைய நிறுவனத்திடம் கேட்டால், முதலில் வெளிவருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர். இங்கே என் அக்காவின் பெயர். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய '911 எஸ்5' என்ற பதிலி வலையில் 1.9 கோடி ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. இணையத்தில் தம் முகவரியை மறைக்கும் இலவச விபிஎன் செயலி என்று நம்பி நிறுவியவர்களின் கணினிகளும் அதில் அடக்கம். தங்கள் வீட்டு வழியாக மோசடி நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இதைத் தவிர, இணைப்பை மூன்றாமவருக்கு விற்கக் கூடாது என்று பெரும்பாலான இணைய நிறுவனங்களின் விதிமுறைகளே சொல்கின்றன.

இப்படித் தூங்கும்போதும் சேரும் பணத்துக்கு வைத்த 'பாசிவ் இன்கம்' என்ற பெயரைச் 'செயலறு வருமானம்' என்று பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் குத்தகைப் பணம் என்றார். கடையை விட்டவர் வாடகை என்றார். எதை யாரிடம் விட்டோம் என்பது அந்தச் சொற்களிலேயே இருந்தது.

அக்காவிடம் 'முகவரி இரவல்' என்று சொன்னதும், "யாருக்கடா கொடுத்தாய்?" என்று மகனைக் கேட்டாள். அவன் செயலியைத் திறந்து தேடினான். பகிர்ந்த ஜிபி அளவும் சேர்ந்த காசும் இருந்தன. வாங்கியவரின் பெயருக்கு அதில் இடமே இல்லை. அன்று மாலையே செயலியை நீக்கினான்.