தொட்டால் சுடாத சுண்ணாம்பு

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி வருகிறவர்களில் பலர், தொட்டால் சுடவில்லை என்பதற்காகவே அதைச் சாதுவான பொருளாக எண்ணிவிடுகிறார்கள். வேதியியல் ஆசிரியராக என்னை மிகவும் கவலைப்படுத்தும் எண்ணம் இது. விரலுக்குத் தெரிவது வெப்பநிலை மட்டுமே. ஒரு பொருள் வினைபுரியும்போது எவ்வளவு வெப்பத்தை வெளிவிடும் என்பதை விரல் அறியாது.

சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் வேகும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது. எஞ்சுவது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. கல்லிலும் கிளிஞ்சலிலும் இருக்கும் கால்சியம் கார்பனேட்டில் ஒரு மோலை (சுமார் 100 கிராம்) இப்படிப் பிரிக்கச் சுமார் 178 கிலோஜூல் வெப்பம் தேவை. சூளை ஆறினாலும் இந்தக் கணக்கு தீருவதில்லை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் சேர்த்து நீற்றும்போது சுமார் 65 கிலோஜூல் வெளிவருகிறது. பூசிய சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கல்லாக இறுகும்போது மீதி 113 வருகிறது. கூட்டிப் பாருங்கள், அதே 178! எந்த வழியில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்று வேதியியலாளர் ஹெஸ் 1840இல் சொன்ன விதி இதுதான். பதினோராம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு நான் வீட்டுச் சுவரைத்தான் காட்டுவேன்.

சுவரில் வெளிவரும் வெப்பம்தான் அதிகம். ஆனாலும் சுவர் சுடுவதில்லை, ஏனென்றால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசிகிறது. நீற்றும்போது எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. ஆபத்து அந்த வேகத்தில் இருக்கிறது.

ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு ஏறக்குறைய 1160 கிலோஜூல் வெளிவிடும். 30 டிகிரியில் இருக்கும் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது கிட்டத்தட்டப் போதும். சுண்ணாம்புக் குவியல் மீது ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் அந்த நீர் நொடியில் கொதித்து, சுண்ணாம்புக் குழம்பை முகத்தில் வாரியடிக்கும். ஆகவே அகலமான இரும்புப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரை முதலில் நிரப்பி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். மூட்டையை மழைநீர் படாத இடத்தில், வைக்கோல், விறகு, சாக்கு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

கண்ணில் தெறித்தால் சூட்டோடு காரமும் (அமிலத்துக்கு எதிரான, உடலை அரிக்கும் பொருள்) சேர்ந்து தாக்கும். காரம் திசுவின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் என்பதால் ஒவ்வொரு நொடியும் முக்கியம். வினிகர், எலுமிச்சை, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். துகள்கள் தெரிந்தால் அவையும் வெளியேறும்படி கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புப் பொட்டலம் சூடாவதில்லை, ஆனால் காரம் அதிலும் உண்டு. குழந்தைகள் அதை அழுத்தி விளையாடும்போது பிய்த்துக்கொண்டு கண்ணில் பாய்கிறது. அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.