'இரும்புப் பார்வை' என்று ஒன்று கிடையாது

துப்பாக்கி பற்றிய தமிழ்க் காணொளிகளில் 'காப்பு இரும்புப் பார்வைகள்' என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. இன்னும் சிலர் அதை 'இரும்புக் காட்சி' ஆக்கிவிடுகிறார்கள். 'பேக்கப் அயர்ன் சைட்' என்பதை மூன்றாகப் பிய்த்து, ஒவ்வொன்றுக்கும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை ஒட்டினால் இதுதான் கிடைக்கும். இரும்புக்கரம் தெரியும், இரும்பு மனம் தெரியும். இரும்புப் பார்வை என்றால் யாரோ முறைக்கிறார் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும்.

'அயர்ன் சைட்' என்பது துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் எளிய அமைப்பு. குழலின் முனைப் பக்கம் ஒரு முள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துளை அல்லது பள்ளம். முள்ளைத் துளையின் நடுவில் நிறுத்தி, அதன் நுனியை இலக்கில் வைத்துச் சுட வேண்டும். ஆங்கிலத்தில் 'சைட்' பார்வையைக் குறித்த சொல். பிறகு பார்த்துக் குறிவைக்க உதவும் கருவிக்கும் பெயரானது. 'அயர்ன்' அதற்கும் பிறகு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வில்லை வைத்த கருவிகள் பெருகியதும் பழையதைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. செல்போன் வந்த பிறகு வீட்டு போன் 'லேண்ட்லைன்' ஆனதைப் போல. ஆக, அங்கே இரும்பு என்றால் 'கண்ணாடி இல்லாதது'. அலுமினியத்திலும் பாலிமரிலும் செய்யப்படும் ஒன்றை ஆங்கிலேயர் பழக்கத்தால் இரும்பு என்கிறார்கள். புதிதாகச் சொல் செய்கிற நமக்கு அந்தக் கட்டாயம் என்ன வந்தது?

சரி, வேறென்ன சொல்வது? 'இலக்குகாட்டி' என்று ஒரு பரிந்துரை உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. இலக்கு தானாகவே கண்ணுக்குத் தெரிகிறது. அதை யாரும் காட்ட வேண்டியதில்லை. குழல் எங்கே நோக்கி நிற்கிறது என்பதைத்தான் இந்தக் கருவி சொல்கிறது. 'குறிகாட்டி'யைப் பொருளாதாரக் கட்டுரைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. வெறும் 'குறி' என்றாலோ, இலக்கா கருவியா என்ற குழப்பம். சோசியம் வேறு குறுக்கே வரும். அதற்கு மேலான சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 'குறிநோக்கி' தான் சரி. தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் இயல்பாக உட்காருகிறது, குறிபார்ப்பது என்ற வினையும் உள்ளே இருக்கிறது. வில்லை இருந்தால் வில்லைக் குறிநோக்கி. இல்லாவிட்டால் வெறுங்கண், வெறுங்கை போல வெறுங்குறிநோக்கி.

இனி 'காப்பு'. எனக்கு அதிக எரிச்சல் தருவது இதுதான். கணினிக் கோப்புக்குக் 'காப்புநகல்' என்றதில் தப்பில்லை. ஆனால் நகல் என்பது மூலத்தைப் போலவே இருப்பது. துப்பாக்கியில் இருப்பது அப்படியல்ல. பேட்டரி தீர்ந்து செம்புள்ளி (குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்பு ஒளிப்புள்ளி) அணைந்தாலோ, வில்லையில் நீராவி படிந்தாலோ, அடிபட்டு விரிசல் விட்டாலோ, அந்த நேரத்துக்குக் கைகொடுக்க வேறு வகையான ஒன்று தயாராக இருக்கிறது. இதற்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: கைகாவல். 'கைகாவலுக்குக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்' என்று சொல்லாத வீடு உண்டா? 'மாற்று' என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்று என்றாகிவிடும். 'துணை' என்றால் இரண்டும் சேர்ந்து வேலை செய்வதாகத் தோன்றும். கைகாவல் குறிநோக்கி என்றால் எதற்காக இருக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

பெயர் தெளிவானால் தேர்வும் தெளிவாகும். உருப்பெருக்கம் இல்லாத செம்புள்ளிக் கருவி என்றால், அதன் கண்ணாடி வழியாகவே முள்ளையும் துளையையும் பார்க்கலாம். நிலையான வகை போதும், மடக்கு வகை இருந்தால் பார்வை மறைக்காது. உருப்பெருக்கும் ஸ்கோப் என்றால் அதன் வழியே பார்த்துப் பயனில்லை. ஸ்கோப்பைச் சட்டென்று கழற்றும் தாங்கி வேண்டும், அல்லது 45 பாகை சாய்த்துப் பொருத்தும் வகை வேண்டும். துப்பாக்கியைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தால் முள் கண்ணுக்கு நேரே வந்துவிடும். முன் முள்ளை வாயுக் கட்டையின் (சுடும்போது குழலிலிருந்து வாயுவை எடுக்கும் பாகம்) மேல் பொருத்துவதாக இருந்தால் பாலிமர் வேண்டாம், அங்கே சூடு அதிகம். துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்யும் மேக்பல் நிறுவனமே தன் பாலிமர் முள்ளை அங்கே மாட்டாதே என்கிறது. அந்தக் கட்டை, துப்பாக்கியின் மேல் கருவிகளைப் பொருத்தும் தண்டவாளத்தைவிடத் தாழ்ந்திருந்தால் உயரமான முள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கோட்டில் வராது. முள்ளுக்கும் துளைக்கும் நடுவே தூரம் கூடக் கூடக் குறிபார்ப்பதில் வரும் பிழை குறையும். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் வகை வாங்கினால், சுமார் 12 ஆண்டில் அதன் ஒளி பாதியாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு கூத்து நடத்துகிறார்கள். செம்புள்ளியும் முள்ளும் ஒரே கண்ணாடிக்குள் சேர்ந்து தெரிவதை ஆங்கிலத்தில் 'கோ-விட்னஸ்' என்பார்கள். தமிழில் அது 'இணை சாட்சி' ஆகிவிட்டது! நீதிமன்றக் கூண்டில் ஏற்றாத குறைதான். புள்ளி முள்ளின் நுனியிலேயே உட்கார்ந்தால் 'ஒருமட்டம்' என்போம். முள் கண்ணாடியின் கீழ் மூன்றிலொரு பங்கில் தங்கி, புள்ளி அதற்கு மேலே நின்றால் 'கீழ்மட்டம்'. இரண்டாவதில் பார்வைக்கு இடைஞ்சல் குறைவு என்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள். அப்புறம், 'ஜீரோ செய்தல்' என்பதைப் 'பூஜ்ஜியமாக்குதல்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குண்டு விழும் இடத்தோடு முள்ளைப் பொருத்துவதற்குக் 'குறிதிருத்தம்' என்ற சொல் போதும். கைகாவலுக்கும் அதைத் தனியாகச் செய்தாக வேண்டும். செம்புள்ளிக்குச் செய்தது இதற்கு ஒட்டாது.