‘ஃப்ரீ’ என்றால் ஓசி இல்லை

இந்த மாதம் இப்படி வந்தது இது மூன்றாவது கம்ப்யூட்டர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து ஒட்டியிருக்கிறது, ஒன்றும் திறக்கவில்லை, டெஸ்க்டாப்பில் ‘பணம் கட்டினால் சாவி தருகிறோம்’ என்று ஒரு கடிதம். ரான்சம்வேர். கடைசியாக என்ன தம்பி போட்டீங்க என்று கேட்டால், “ஓப்பன் சோர்ஸ்தான்ணா, ஃப்ரீயா கிடைச்சுது” என்கிறார். டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருள், கூடவே ‘கிராக்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு குறிப்பு: ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்.’ அணைத்திருக்கிறார்.

அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமத்தோடு திறந்து கொடுப்பது. இது திருட்டு நகல். பூட்டை உடைத்துக் கொடுத்தவர் சும்மா உடைத்திருப்பார் என்று எப்படித்தான் நம்புகிறீர்களோ!

சரி, திருட்டு நகலை விடுங்கள். நேர்மையாகவே காசில்லாமல் கிடைப்பவை கூட எல்லாம் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. அடோபி ரீடருக்குக் காசு கிடையாது, ஆனால் அதன் மூல நிரலை நீங்கள் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் வின்ரார் 40 நாள் சோதனைக்குத் தரப்படுவது. நாள் தாண்டியும் நினைவூட்டிவிட்டுத் திறந்துகொள்வதால் அது இலவசம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே வேலையைச் செய்யும் செவன்-ஜிப் தான் ஓப்பன் சோர்ஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது, வித்தியாசம் உரிமத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமப்பதால் வந்த வினை இது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இருந்தும் நாமும் குழப்பிக்கொள்கிறோம். 1983-இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஈமேக்ஸ் என்ற தன் உரை எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். விற்றும் அது கட்டற்ற மென்பொருள்தான், ஏனென்றால் வாங்கியவர் அதை எதற்கும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், பத்துப் பேருக்கு நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நாலு சுதந்திரமும் இருந்தால் கட்டற்றது. ஒன்று குறைந்தாலும் இல்லை. 1989-இல் வந்த ஜிபிஎல் உரிமம் ஒரு படி மேலே போய், மாற்றி வெளியிடுகிறவர் அடுத்தவருக்கும் இதே உரிமையைத் தந்தாக வேண்டும் என்று கட்டிப்போட்டது. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல்தான் வந்தது. ‘கட்டற்றது’, ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற இரண்டு பெயர்க்காரர்களுக்கும் உள்ள கொள்கைச் சண்டையைக் கேட்க உட்கார்ந்தால் விடிந்துவிடும், மென்பொருள் என்னவோ பெரும்பாலும் ஒன்றேதான்.

“எல்லாரும் நிரலைப் பார்க்கலாம்னா ஹேக்கரும் பார்ப்பானே சார்” என்பது அடுத்த கேள்வி. பார்ப்பான்தான். 2014-இல் வெளியே தெரியவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வருடம் எல்லார் கண்முன்னாலும் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது, பார்க்க ஆள் வேண்டும். ஆனால் பார்க்க வழி இருக்கிறதே! 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் கருவிக்குள், வெளியாள் கள்ளத்தனமாகப் புக ஒரு பின்வாசலைத் திட்டமிட்டு நுழைத்திருந்தார்கள். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று நோண்டப் போய்க் கண்டுபிடித்தார். மூடிய பெட்டியாக இருந்திருந்தால் அவர் எவ்வளவு தூரம் நோண்டியிருக்க முடியும்?

இனி நான் கெஞ்சிக் கேட்பது. மென்பொருளை அதன் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள், விண்டோஸுக்குப் பதில் ஓடும் லினக்ஸ் என்றால் அதற்கென்று இருக்கும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள், அசல் பெயரில் ஒரு எழுத்து மாற்றிய போலித் தளங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் அந்த நொடியே அழித்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். அப்டேட் கேட்டால் போடுங்கள். ஒரே ராத்திரியில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸுக்கு மாறிவிட்டு மறுநாள் பிரிண்டர் வரவில்லை என்று என்னிடம் அழாதீர்கள். முதலில் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஆபீஸ் வேலைக்கு லிப்ரெஆபீஸ், வீடியோ பார்க்க விஎல்சி, படம் திருத்த கிம்ப் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகுங்கள். லிப்ரெஆபீஸில் செய்த கோப்பு வேர்டில் திறந்தால் வரி தள்ளி நிற்கலாம், முக்கியமான கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அப்புறம், பிழை கண்டால் திட்டாமல் விவரமாக எழுதிப் போடுங்கள், அந்தப் பக்கம் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் ஒருவர்தான் இருப்பார்.

தம்பியின் படங்களில், கேமரா கார்டில் அழிக்காமல் விட்டிருந்தவை மட்டும் கிடைத்தன. ஒரு கல்யாண ஆல்பம் முழுதாகப் போய்விட்டது. கிம்ப் போட்டுக் கொடுத்தேன், பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்க வைத்தேன். நேற்று ஃபோன்: “அண்ணா, இதுல எல்லாமே வேற இடத்துல இருக்குண்ணா.” இருக்கட்டும் தம்பி, தேடுங்க.