பசி திரும்பாமல் லேகியம் எதற்கு?

மதுரையில் நள்ளிரவுக்கு மேலும் பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும். தூங்கா நகரம் என்ற பெயருக்கு அது பொருத்தம்தான். ஆனால் அப்படிச் சாப்பிட்டுப் படுத்த உடம்பு மறுநாள் காலையில் வேறு கதை சொல்லும். வாயில் புளிப்பு, நாக்கில் வெள்ளைப் படிவு, பத்து மணி வரை இட்லியைக் கண்டாலே வெறுப்பு, மத்தியானம் கை கால் ஓய்ச்சல். மாதக்கணக்கில் இப்படி ஓடினால், ‘உடம்பு தேறவே மாட்டேங்குது’ என்று மாசி வீதிகளில் உள்ள ஏதாவதொரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் லேகியம் வாங்குவார்கள். ஒரு மாதம் தின்ற பிறகும் உடம்பு தேறாது. வயிறு முன்னைவிடக் கனக்கும்.

லேகியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் பசி, பிறகே லேகியம் என்று ஆயுர்வேதம் வகுத்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வரும் விளைவு இது. வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், வயிற்று நோய்களைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கும்போதே எல்லா நோய்களும் அக்னி மந்தப்படுவதால் வருகின்றன என்று சொல்லிவிடுகிறது. அக்னி என்பது செரிக்கும் திறன். அது சீராக இருந்தால் சமம். ஒருநாள் நன்றாகவும் மறுநாள் உப்புசமாகவும் இருந்தால் விஷமம். எதைத் தின்றாலும் எரிந்து, சீக்கிரமே மறுபடி பசித்தால் தீட்சணம். கொஞ்சம் தின்றாலே கனத்தால் மந்தம். விஷமம் வாதத்தாலும், தீட்சணம் பித்தத்தாலும், மந்தம் கபத்தாலும் வருவதாகக் கணக்கு. சித்த மருத்துவமும் இதே வாத, பித்த, கபக் கணக்கில்தான் பேசுகிறது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த நான்கில் எது என்று தெரிய வேண்டும். மந்தத்துக்குக் கொடுக்கும் திரிகடுகை (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) தீட்சண அக்னிக்காரருக்குக் கொடுத்தால் நெஞ்சு எரிந்து அவதிப்படுவார்.

செரிக்காமல் தேங்குவதை ஆயுர்வேதம் ஆமம் என்கிறது. ஆமம் என்று ஒரு ரசாயனப் பொருளை இதுவரை எந்த ஆய்வகமும் பிரித்தெடுத்துக் காட்டியதில்லை. குடலிலிருந்து ரத்தத்துக்குள் கசியும் பாக்டீரியா நச்சுதான் ஆமம் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அது அவசர முடிவு. ஆமம் என்பதை அறிகுறிகளின் தொகுப்பாக எடுத்துக்கொள்வதே நேர்மை: கனம், சோம்பல், நாக்கில் படிவு, சுவையின்மை, மலம் பிசுபிசுத்துப் போதல்.

பசியை ஆயுர்வேதம் ஏன் இவ்வளவு நம்புகிறது என்பதற்கு இன்றைய உடலியல் நல்ல விளக்கம் தருகிறது. சோறு, குழம்பு, பொரியல் என்று ஒரு வேளை சாப்பிட்டால், திட உணவு இரைப்பையை விட்டு வெளியேறத் தொடங்கவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். முழுவதும் காலியாக ஏறக்குறைய நான்கு மணி நேரம். எண்ணெய் அதிகம் என்றால் இன்னும் நேரமாகும். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அங்கே சுரக்கும் ஹார்மோன்கள் இரைப்பையின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. இரைப்பையும் சிறுகுடலும் காலியான பிறகு வேறொரு வேலை ஆரம்பிக்கும். சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை ஒரு வலுவான சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதியையும் சிறுகுடலில் பெருகிய பாக்டீரியாவையும் அது வாசல் பெருக்குவது போலக் கீழே தள்ளிவிடும். மோட்டிலின் என்ற ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. காலி வயிறு ‘கடகட’வென்று உருளும்போதும், பசி கிள்ளும்போதும் நடப்பது இதுதான்.

இந்த அலை சாப்பிட்ட உடனே நின்றுவிடும். பதினொரு மணிக்கு வடையும் பால் டீயும், மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜி, ஆறு மணிக்கு ஜிகர்தண்டா, ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா என்றால் விழித்திருக்கும் நேரத்தில் அலைக்கு அநேகமாக வாய்ப்பே கிடைப்பதில்லை. முந்திய சாப்பாடு செரிக்கும் முன் அடுத்ததைச் சாப்பிடுவதை ஆயுர்வேதம் அத்தியசனம் என்று தனியாகப் பெயரிட்டு, நோய்க்குக் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. செரித்ததற்கு ஆறு அடையாளமும் கொடுத்திருக்கிறது: சாப்பாட்டு வாசனை இல்லாத தெளிந்த ஏப்பம், உற்சாகம், மலமும் சிறுநீரும் தடையின்றிப் போதல், உடல் லேசாக இருத்தல், பசி, தாகம். வீட்டிலேயே எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கக்கூடிய அடையாளங்கள். சிகிச்சையின் முதல் வாரத்தில் மருந்தே வேண்டாம். ஒரு நோட்டில் இந்த ஆறையும், சாப்பிட்ட நேரத்தையும், காலையில் நாக்கின் நிறத்தையும் எழுதி வந்தால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பசி வந்ததா, மணியைப் பார்த்து உட்கார்ந்தீர்களா என்பது அந்த நோட்டில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரம் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டும். சாப்பாடுகளுக்கு இடையே நான்கு, ஐந்து மணி நேரம். நடுவில் தண்ணீர் மட்டும். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். அமெரிக்காவில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரே உணவைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் திட உணவு கணிசமாக மெதுவாகவே இரைப்பையை விட்டு நகர்ந்தது. மைதாவும் எண்ணெயும் சேர்ந்த உணவை அந்த நேரத்தில் சாப்பிட்டு உடனே படுத்தால், நிரம்பிய இரைப்பையிலிருந்து அமிலம் மேலேறுவதில் அதிசயமில்லை. அளவுக்கு வாக்படர் சொல்லும் கணக்கு எளிது: வயிற்றில் பாதி திட உணவு, கால் பங்கு திரவம், கால் பங்கு காலி. இரைப்பை உணவைப் பிசைந்து அரைக்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் காலி இடம்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்குபவர்களிடம் ஏழரை மணிக் கணக்கைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன், மாலை ஆறு, ஏழுக்குள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுச்சாமத்தில் கஞ்சி, மோர், இரண்டு இட்லி என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். விடிகாலையில் பரோட்டா தின்றுவிட்டுப் படுப்பதுதான் மிகக் கெடுதல்.

மூன்றாவது வாரம் மருந்து. உப்புசமும் மாறி மாறி வரும் பசியும் உள்ளவர்களுக்கு ஹிங்குவாஷ்டக சூரணம் பொருத்தமானது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என எட்டுச் சரக்கு. முதல் ஏழும் சம எடை. பெருங்காயத்தை நெய்யில் பொரித்துச் சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் சமையல் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் கலந்திருக்கும் என்பதால் அசல் பிசினாகக் கேட்டு வாங்குங்கள். அசல் சரக்கின் காரம் கடுமை. அதனால் சம எடைக்குப் பதில் குறைத்தே போடுவது நல்லது. மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மிதக்கும். சுக்கை வெளுப்பாகக் காட்டச் சுண்ணாம்பில் தோய்த்து விற்பதுண்டு. தோலைச் சுரண்டிவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே இடிக்க வேண்டும். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததும் இந்த வேலையைத்தான்.

இந்தச் சூரணத்தை மாத்திரை போல விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். ஒன்றரை கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகம், உருக்கிய நெய்யோடு சூடான சோற்றில் பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும் என்பது நூல் விதி. காரணம் இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் இரைப்பை அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உணவு இரைப்பைக்குப் போகும் முன்பே, வாசனையும் சுவையும் மூளையைத் தூண்டுவதால் சுரக்கிறது. நாக்கில் படாத கேப்சூல் அந்தத் தூண்டலைத் தராது. மிளகின் பைப்பரினும் சுக்கின் காரப் பொருள்களும் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் நெய்யும் சும்மா சேர்க்கப்படவில்லை. சுக்கின் வேலைக்கு நேரடிச் சான்றும் உண்டு. தைவானில் 2008-ல் வெளியான ஆய்வில், 1.2 கிராம் இஞ்சிப் பொடி சாப்பிட்ட 24 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் இரைப்பை, வெற்றுப் பொடி சாப்பிட்ட நாளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பாதி காலியானது.

எட்டில் ஒரு பங்கு உப்பு என்பதை ரத்த அழுத்தக்காரர்கள் மறக்கக்கூடாது. பத்து, பதினைந்து நாளுக்கு மேல் வைத்தியர் சொல்லாமல் நீட்டவும் வேண்டாம். நெஞ்செரிச்சல், வாய்ப்புண், அதிக தாகம் வந்தால் அன்றே நிறுத்துங்கள். குடல்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது. வீட்டில் இடித்த பொடி என்றால் கண்ணாடி புட்டியில் இறுக மூடி இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வாசனை போன சூரணத்தில் மருந்தும் போய்விட்டது.

மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் திரிபலா. கொட்டை நீக்கிய கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சம எடை, ராத்திரி படுக்கும் முன் மூன்று கிராம் வெந்நீரில். இதில் நிறைந்திருக்கும் துவர்ப்புப் பொருள்களைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து யூரோலித்தின் போன்ற சிறு மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. ஆளுக்கு ஆள் பாக்டீரியா வேறுபடுவதால் பலனும் வேறுபடும். தண்ணீராகப் போனால் அளவைப் பாதியாக்குங்கள். அதே துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கும் திரிபலாவுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி அவசியம்.

பசியே சுத்தமாகச் செத்துப்போனவருக்கு முதலில் ஒரு வேளை பட்டினி, பிறகு கஞ்சித் தெளிவு. ஒரு பங்கு அரிசிக்குப் பதினான்கு பங்கு தண்ணீர், அரிசி நன்றாகக் குழைந்ததும் தெளிவை மட்டும் இறுத்து, சிட்டிகை சுக்கும் இந்துப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்து பருக்கையோடு கஞ்சி, அடுத்து குழைந்த சோறு என்று படிப்படியாக ஏற்றுவார்கள். வயிற்றுப்போக்குக்குப் பின் பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சில நாள் குறைந்திருக்கும், அரிசி மாவுச்சத்து அப்போதும் எளிதாகச் செரிக்கும் என்பதால் இந்த வரிசை அறிவியலோடு ஒத்துப்போகிறது. தெம்புக்கு என்று அந்த நேரத்தில் பால் கொடுப்பதுதான் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது.

நாக்கு தெளிந்து, தொடர்ந்து ஒரு வாரம் தானாகப் பசி எடுத்த பிறகே லேகியம். காலையில் பத்து கிராம், அது செரித்து மறுபடி பசிக்கும் வரை வேறெதுவும் வேண்டாம். பெரும்பாலான லேகியங்களில் வெல்லமோ சர்க்கரையோதான் பெரும்பங்கு, நெய்யும் உண்டு. மந்தமான வயிற்றில் இது ஏன் கனத்தது என்று இப்போது புரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஏற்றதல்ல.

இத்தனைக்கும் முன்னால் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுங்கச் சிரமம் இருந்தால், மலம் கறுத்தோ ரத்தத்தோடோ போனால், வாந்தி நிற்காவிட்டால், கண் மஞ்சளித்தால், மாலைக் காய்ச்சலும் இருமலும் தொடர்ந்தால், சூரணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே போக வேண்டும். காசநோய், இரைப்பைப் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மஞ்சள் காமாலை எல்லாமே பசியின்மையாகத் தொடங்கக்கூடியவை. எந்த அபாய அறிகுறியும் இல்லாதவர்களும் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று நம்புவது ஆபத்து. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் ரத்தசோகையும் வயிற்றுவலியும் தரும். அதாவது, எந்தக் குறைக்காக மருந்து வாங்கினோமோ அதையே அது வளர்க்கும். உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளைக் கடையில் கேட்டுத் தானாக வாங்காதீர்கள். லேபிளில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சரக்குப் பட்டியல் இல்லாத புட்டியையும் எடுக்காதீர்கள்.

மிளகின் பைப்பரின், கல்லீரலும் குடலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை மட்டுப்படுத்தும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் மனிதர்களின் ரத்தத்தில் மஞ்சளின் குர்க்குமின் இருபது மடங்கு அளவில் கூடியது. அதே வழியில் வலிப்புக்கான பெனிட்டாய்ன், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால், இளைப்புக்கான தியோபிலின் ஆகியவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். நாள்தோறும் மருந்தளவில் எடுக்கும் திரிகடுகுக்கும் பைப்பரின் கேப்சூலுக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. இந்த மாத்திரைகளையோ ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தையோ எடுப்பவர்கள், ஆங்கில மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சூரணப் புட்டியையும், ஆயுர்வேத வைத்தியரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.