சினைப்பைக் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் நோய் ரிப்போர்ட்டுக்குத் திசு குறைந்துவிடுமா?

அறுவை சிகிச்சைக்கு முன், ஆராய்ச்சிக்காகத் திசுக்களைச் சேமித்து வைக்கும் திசு வங்கிக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினால், பல குடும்பங்களுக்கு முதலில் எழும் பயம் இதுதான். குறையாது. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வது நோயியல் மருத்துவரின் பொறுப்பு. நோயைக் கண்டறியத் தேவையானது போக மிஞ்சுவதுதான் வங்கிக்குப் போகும்.

திசுவைப் பதப்படுத்தும் திரவமான பார்மலினில் விழுவதற்கு முன்பே, கட்டி திசு வங்கியில் வேலை செய்யும் எங்களிடம் வந்தாக வேண்டும். ரத்த ஓட்டம் நின்றதுமே திசுவுக்குள் மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ மாறத் தொடங்கிவிடும் என்பதால், எடுத்த நேரத்தையும் உறைய வைத்த நேரத்தையும் குறித்து வைப்போம். வெட்டிப் பார்த்தால் ஓரிடம் நீர்ப்பை, ஓரிடம் ரத்தக்கசிவு, ஓரிடம் மஞ்சளாகச் செத்துப்போன திசு. கெட்டியாக, வெளிர்சாம்பல் நிறத்தில் உள்ள பகுதியில்தான் உயிருள்ள புற்றணுக்கள் பெரும்பாலும் கிடைக்கும். அதில் ஒரு சிறு துண்டை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலும், ஒட்டியிருந்த மறுபாதியைப் பார்மலினிலும் போடுவோம். பின்னர் மறுபாதியின் ஸ்லைடைப் பார்த்தால், உறைந்திருப்பதில் எவ்வளவு புற்று இருக்கிறது என்று தெரியும். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாத வங்கியை நான் நம்பமாட்டேன்.

கருக்குழாயின் விரல் போன்ற நுனியை மட்டும் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. சினைப்பைப் புற்றுகளில் அதிகம் காணப்படும் தீவிர சீரஸ் வகைப் புற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது. நுனி முழுவதையும் மெல்லிய துண்டுகளாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும்.

இப்படிச் சேர்த்த திசுக்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு புற்றுகளின் மரபணு மாற்றங்களைத் தொகுத்த அமெரிக்கத் திட்டமான கேன்சர் ஜீனோம் அட்லஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். அதில் மரபணு வரிசை படிக்கப்பட்ட 316 தீவிர சீரஸ் கட்டிகளில் 96 சதவீதத்தில் புற்று வராமல் தடுக்கும் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் முக்கியமான வழி ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் கெட்டிருக்கலாம் என்றும் தெரியவந்தது. சினைப்பைப் புற்றுக்குத் தரப்படும் ஓலபாரிப் போன்ற மருந்துகள் குறிவைப்பது அந்தப் பலவீனத்தைத்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வயிற்றில் கோத்த நீர் வீணாவது. மூச்சுத்திணறல் குறைய லிட்டர் கணக்கில் வடிப்பார்கள். பரிசோதனைக்குக் கொஞ்சம் போக மற்றதெல்லாம் கழிவில் போகிறது, அத்தனை புற்றணுக்களோடு. முதலில் கீமோ, பிறகு அறுவை என்று திட்டமிட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மருந்து நன்றாக வேலை செய்தால் அறுவையின்போது கட்டி அதிகம் மிஞ்சாது. கீமோவுக்கு முன்னும் பின்னும் உள்ள திசுவை ஒப்பிட்டால்தான் எந்த அணுக்கள் மருந்துக்குத் தப்பின என்று தேட முடியும். ஆகவே அறுவை நாள்வரை காத்திருக்காமல், முதல் பயாப்ஸியின்போதே, முதலில் நீர் எடுக்கும்போதே, திசு வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கையெழுத்திடும் முன், பெயருக்குப் பதில் குறியீடு இடுவார்களா, பின்னால் மனம் மாறினால் விலகுவது எப்படி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பரம்பரையாக வரும் புற்று அபாயத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனைக்கு மட்டும் வங்கியை எதிர்பார்க்க வேண்டாம். ஆராய்ச்சி முடிவுகள் பெரும்பாலும் தனிப்பட்ட நோயாளியிடம் திரும்பி வருவதில்லை. உங்கள் சிகிச்சைக்கும், மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் தேவைப்படும் தகவல் அது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.