இரண்டு எஞ்சின் பனி லாரியும் அதன் உதிரிபாகங்களும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு விமானங்கள் மட்டும் போதவில்லை. அவை இறங்கும் ஓடுதளத்தில் பனி இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ், எஃப்டபிள்யூடி நிறுவனங்களின் நாற்சக்கர இயக்க லாரிகள் வந்தன. சிலவற்றின் முன்னால் பனியை வாரி வீசும் ஸ்னோகோ என்ற ராட்சதக் கருவி இருக்கும். அயோவாவின் டபுக் நகரில் இருந்த கிளாவர் நிறுவனம் தயாரித்தது அது. போர் முடிந்ததும் உபரியான இந்த வண்டிகள் பலவும் ஊராட்சிச் சாலைப் பணிக்கும் சிறு விமான நிலையங்களுக்கும் போயின. இன்று எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அவற்றை மீட்டு ஓட வைப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி: இதற்கெல்லாம் பாகம் எங்கே கிடைக்கும்?

அதற்கு முன், வண்டி வேலை செய்யும் விதம். பனியை ஓரமாகத் தள்ளும் சாதாரணத் தகட்டுக்கு ஓர் எல்லை உண்டு. சாலையின் இருபுறமும் பனிச்சுவர் எழுந்துவிட்டால், அதற்குமேல் தள்ள இடமில்லை. தூக்கி வீசத்தான் வேண்டும். ஸ்னோகோவின் முன்பக்கத்தில் குறுக்கே கிடக்கும் திருகுகள் பனியை வெட்டி நடுவுக்கு இழுக்கின்றன. அங்கிருந்து வேகமாகச் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் அதை வாங்கிக் குழாய் வழியே வெளியே அடிக்கிறது. கிணற்று மோட்டார் பம்பு நீரை வீசுவதும் இதே முறையில்தான்.

இதற்கு எவ்வளவு சக்தி தேவை என்று ஒரு கணக்குப் போடலாம். பனி 30 மீட்டர் தள்ளிப் போய் விழ, காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 45 டிகிரியில் நொடிக்கு 17 மீட்டர் வேகம் தேவை. மணிக்கு 1,000 டன் பனியை இந்த வேகத்தில் வீச, பனிக்குத் தரும் இயக்க ஆற்றலுக்கு மட்டுமே சுமார் 41 கிலோவாட், அதாவது 55 குதிரைத்திறன் போய்விடும். கெட்டிப்பட்ட பனியை வெட்டுவது, குழாயின் உரசல் எல்லாம் அதற்கு மேல். ஆகவேதான் லாரியின் பின்புறத்தில் இரண்டாவதாக ஒரு பெரிய எஞ்சின் வீசும் வேலைக்கென்றே உட்கார்ந்திருக்கிறது.

ஒரே பெரிய எஞ்சினால் இரண்டு வேலையும் செய்தால் என்ன? லாரி பனியின் ஆழத்துக்கேற்ப ஊர்ந்தும் நின்றும் போகும். இம்பெல்லரோ ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். வீசும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுழற்சி 30 சதவீதம் குறைந்தால் தூரம் பாதியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இனி பாகங்கள். அந்தக் காலத்து கனரக லாரிகள் பெரும்பாலும் பல கம்பெனிச் சரக்கை வாங்கிக் கோத்தவை. எஞ்சின் ஹெர்குலஸ், கியர்பாக்ஸ் ஃபுல்லர், பேரிங் டிம்கன் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டறையிலிருந்து வந்தது. எனவே லாரியின் பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. பாகத்தைச் செய்தவரின் எண்ணைச் சொல்லித் தேடுபவருக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அதன் முகப்பில் பொறித்த எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்கப் பட்டியலில் 308 என்று இருந்த பந்து பேரிங்தான் இன்றைய 6308. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 40 மில்லிமீட்டர். இன்றும் கடையில் வாங்கலாம். எண் தேய்ந்துபோயிருந்தால் வெர்னியர் வைத்து அளந்தாலே போதும். தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் அப்படித்தான்: தண்டின் விட்டம், குழியின் விட்டம், அகலம் ஆகிய மூன்று அளவும் தெரிந்தால் தோல் சீலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் சீல் போடலாம். அசல் தோல் சீலே வேண்டும் என்று அலைபவர்களை எனக்குப் புரிவதில்லை. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ராணுவ வண்டி என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. பொறியாளர் படையின் தொழில்நுட்பக் கையேடுகளில் பாகங்கள் படம் போட்டுப் பட்டியலிடப்பட்டிருக்கும். போருக்குப் பின் ஒவ்வொரு பாகத்துக்கும் 11 இலக்க இருப்பு எண் வந்தது; 1974-இல் அது 13 இலக்கமானது. முதல் 4 இலக்கம் வகையைச் சொல்லும். சாலையைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்கு 3825, பேரிங்குக்கு 3110. அந்த எண்ணோடு உபரிச் சரக்கு விற்பவரிடம் போனால், பெட்டி பிரிக்காத பாகமே சில சமயம் வந்து சேரும்.

சிக்கல் வார்ப்புகளில்தான். திருகை ஓட்டும் கியர் பெட்டியின் உறை உடைந்திருந்தால் எந்த எண்ணும் உதவாது. இன்னொரு வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். இல்லையென்றால் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் புதிதாக வார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்பதால் அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள்.

அந்த உறை உடைவதற்கு அனேகமாக ஒரு சின்ன போல்ட்தான் காரணம். திருகுக்கும் தண்டுக்கும் நடுவே மென்மையான இரும்பில் ஒரு ஷியர் பின் உண்டு. பனிக்குள் கல்லோ மரத்துண்டோ சிக்கினால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும். அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சலில் யாரோ ஒரு ஓட்டுநர் கெட்டியான போல்ட்டை மாட்டியிருப்பார். அடுத்த கல்லில் கியர் பெட்டி போயிருக்கும். ஆகவே மீட்டெடுத்த கருவியை முதன்முதலில் ஓட்டும் முன் அந்தத் துளைகளில் இருப்பது என்ன உலோகம் என்று அரத்தால் உரசிப் பார்ப்பது நல்லது.